மானுக்கு எந்தத் தோட்டா? ஒரு கறிக்கடைக்காரனின் கணக்கு

தோட்டாப் பெட்டியைக் கையில் எடுத்ததும் எல்லாரும் பெரிய எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிக்கிறார்கள்: .308, .270, 6.5 கிரீட்மோர் என்று எந்த அளவுத் துப்பாக்கிக்கானது என்பதை. அதைக் கடைசியில் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, பித்தளை உறையின் நுனியில் இருக்கும் குண்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை. மான் துடிக்காமல் விழுவதும், கறி கெடாமல் சட்டிக்கு வருவதும் அந்தக் குண்டு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன.

நான் சிங்கப்பூரில், தேக்காவில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருப்பவன். என் மச்சான் நியூசிலாந்தின் தென் தீவில், கேன்டர்பரிப் பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறார். செம்மான் கிடாக்கள் குரல் கொடுக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அங்கே போவேன். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சியை முடித்த பையன்களும் அங்கே படிக்கப் போகும் பிள்ளைகளும் "அண்ணே, எந்தத் தோட்டா வாங்குறது?" என்று கடைக்கு வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. சிங்கப்பூரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மண்டாய்ப் பக்கம் இரவில் சாலையோரம் தென்படும் மிளாக்கள் என்ற பெரிய மான்கள், 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வம்சம். அவற்றுக்கு நாம் செய்ய வேண்டியது காரை மெதுவாக ஓட்டுவதுதான்.

தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 என்ற ராணுவத் துப்பாக்கியில் சுட்ட பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்த 5.56 மில்லிமீட்டர் குண்டு முழு உறை போட்டது. மான் உடம்பில் பட்டால் பல சமயம் விரியாமல் சின்னத் துளையோடு மறுபக்கம் போய்விடும். மான் ஓடிவிடும்; புதருக்குள் எங்கோ கிடந்து மெதுவாகச் சாகும். பெட்டியில் எஃப்எம்ஜே, அதாவது முழு உறை, என்று போட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். மேட்ச் என்று போட்டிருப்பதும் அப்படித்தான். அது காகிதத்தில் சின்ன வட்டத்துக்குள் சுடுவதற்காகச் செய்தது. சதைக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று அதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை.

வேட்டைக் குண்டு பட்டவுடன் முன்பக்கம் மலர வேண்டும். .308இன் குண்டு குறுக்களவில் 7.8 மில்லிமீட்டர், நன்றாக மலர்ந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பாதியில் அடித்தால் இரண்டு நுரையீரலையும் கிழித்துக்கொண்டு போகும். ரத்த ஓட்டம் நின்று சில விநாடிகளில் மான் நினைவிழந்துவிடும். மலரவும் வேண்டும், மலர்ந்த பிறகு உடையாமல் ஆழமாகப் போகவும் வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் இந்த இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் விலை வித்தியாசமே இருக்கிறது.

பழைய வழி, ஈயத்தின் மேல் செம்பு உறை போட்டு நுனியில் மட்டும் ஈயம் வெளியே தெரிய விடுவது. ரெமிங்டனின் கோர்-லாக்ட் 1939இல் வந்தது, இன்னும் விற்கிறது. வின்செஸ்டர் பவர்-பாயின்ட், ஃபெடரல் பவர்-ஷாக், ஹார்னடியின் இன்டர்லாக் எல்லாம் இதே குடும்பம். 200 மீட்டருக்குள் நிற்கும் மானுக்கு இது போதும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அடுத்தது பிளாஸ்டிக் நுனி வைத்து வேகமாக மலரும்படி செய்தவை: ஹார்னடி எஸ்எஸ்டி, நாஸ்லர் பலிஸ்டிக் டிப் போன்றவை. திறந்த வெளியில், தூரத்தில் நிற்கும் மானுக்கு இவை நல்லவை. ஆனால் 50 மீட்டரில், முழு வேகத்தில், சப்பை எலும்பில் பட்டால் கறி நாசம். இது கறிக்கடைக்காரனின் கவலை என்று நினைக்காதீர்கள். சப்பையில் ஜவ்வுக்கும் ஜவ்வுக்கும் இடையே ரத்தம் புகுந்து கறுப்பாகக் கட்டிக்கொள்ளும். கழுவினால் போகாது, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் வாடை நிற்கும், வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. ஒரு முன்சப்பை முழுவதையும் அப்படி எறிய நேரிடும். அந்த உயிரை எடுத்துவிட்டு அதில் நல்ல கறியைக் குப்பையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. எலும்புத் துண்டுகளும் சிதறிச் சுற்றியிருக்கும் கறியில் ஏறிவிடும். இந்த வகைக் குண்டு வைத்திருந்தால் எலும்பைத் தவிர்த்து விலாவில் மட்டும் அடியுங்கள்.

மூன்றாவது வகையில் உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டியிருக்கும். ஃபெடரல் ஃபியூஷன், நாஸ்லர் அக்யூபாண்ட், நார்மா ஓரிக்ஸ் இந்த வகை. 1948இலிருந்து இருக்கும் நாஸ்லர் பார்ட்டிஷன் வேறு விதம். நடுவில் ஒரு செம்புத் தடுப்பு இருப்பதால் முன்பாதி சிதறினாலும் பின்பாதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பெரிய செம்மான் கிடா, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மலைக்காடுகளில் இருக்கும் மிளா போன்ற கனத்த உடம்புக்கு, அதுவும் புதருக்குள் மான் சாய்வாக நிற்கும்போது, இந்த வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஒரு மானுக்கு ஒரு தோட்டா, மிஞ்சினால் இரண்டு. விமான டிக்கெட்டுக்கும் வாடகைக் காருக்கும் கொடுத்ததைக் கணக்குப் பார்த்தால் தோட்டாவில் மிச்சம் பிடிப்பது ஒன்றுமே இல்லை.

கடைசி வகை, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் இதில் பெயர் பெற்றது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் மானைச் சுடுவது சாப்பிடுவதற்கு. ஈயக் குண்டு உள்ளே மலரும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகவும் சிதறுகிறது. எக்ஸ்ரே எடுத்தால் காயத்திலிருந்து தள்ளியும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். காயத்தைச் சுற்றி ஒரு சாண் வெட்டி எறிந்தாலும் எல்லாம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. 2008இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்குக் கொடுக்க நன்கொடையாக வந்த மான் கறியில் ஈயத் துகள் இருந்ததால் அதை வினியோகிக்க வேண்டாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கலிஃபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்றது. காரணம், செத்த விலங்கைத் தின்னும் காண்டோர் கழுகுகள் அங்கே ஈய நஞ்சால் செத்துக்கொண்டிருந்தன. வளரும் குழந்தைகளின் மூளைக்கு ஈயம் சிறிதளவும் ஆகாது. மச்சான் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் அந்த வீட்டுக்குப் போகும் மானுக்கு நான் செம்புதான் போடுவேன். கொத்துக்கறி போடுவதாக இருந்தால் இன்னும் கட்டாயம், ஏனென்றால் ஓரிடத்தில் இருக்கும் துகளைக் கொத்தும் இயந்திரம் எல்லாக் கறியிலும் பரப்பிவிடும்.

செம்புக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. செம்பு ஈயத்தைவிடக் கடினம், வேகம் குறைந்தால் மலராது. எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் குண்டு செய்தவர்களே வெளியிடுவார்கள். அதைப் பார்த்து உங்கள் தூரத்தை முடிவு செய்யுங்கள். அப்புறம், அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். அதனால் ஈயத்தில் 165 கிரெயின் எடை போடும் இடத்தில் செம்பில் 150 அல்லது 130 போதும். எடை குறைவதால் வேகம் கூடும், ஆனால் குண்டு உடையாததால் ஆழம் குறையாது.

கிரெயின் என்பது எடைக் கணக்கு. 150 கிரெயின் என்றால் 9.7 கிராம், நம் ஒரு பவுன் தங்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். .308க்கு 150 அல்லது 165, .270க்கு 130, 6.5 கிரீட்மோருக்கு 140ஐ ஒட்டி, 7 மில்லிமீட்டர்-08க்கு 140. மானுக்கு இவை போதும்.

இப்போது பெரிய எழுத்துக்கு வரலாம். .270 வின்செஸ்டர் 1925இல் வந்தது, .308 1952இல், 6.5 கிரீட்மோர் 2007இல். மூன்றாலும் மான் விழும். எதை வாங்குவது என்று கேட்டால், துப்பாக்கிக்காரர் கையில் எது இருக்கிறதோ அது, அந்த ஊர்க் கடையில் எந்தத் தோட்டா எப்போதும் கிடைக்கிறதோ அது. துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதை தாங்காமல் சுடும் நேரத்தில் கண்ணை மூடுகிறவர்களுக்கு 6.5 கிரீட்மோரோ 7 மில்லிமீட்டர்-08ஓ நல்லது. .243ஐ 100 கிரெயின் குண்டோடு சின்ன மானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கிடாவுக்கு வேண்டாம். சில இடங்களில் எந்த மானுக்குக் குறைந்தபட்சம் எந்த அளவு, எத்தனை கிரெயின் என்று சட்டமே இருக்கிறது. விக்டோரியா அப்படிப்பட்ட மாநிலம். போவதற்கு முன் அந்த மாநிலத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒரு வேக அட்டவணை இருக்கும். .308, 150 கிரெயின் கோர்-லாக்ட்டை எடுத்துக்கொண்டால் குழாய் வாயில் விநாடிக்கு 860 மீட்டர், 200 கெஜத்தில் 690, 300 கெஜத்தில் 610. இது 24 அங்குலக் குழாயில் அளந்தது. மச்சானின் துப்பாக்கிக்கு 20 அங்குலம்தான். அங்குலத்துக்கு ஏழெட்டு மீட்டர் வேகம் போகும் என்று வைத்துக் கழித்துக்கொள்கிறேன். 100 மீட்டரில் குறி வைத்த இடத்திலேயே படும்படி நேர்செய்த துப்பாக்கியில் 200 மீட்டரில் இந்தக் குண்டு சுமார் 13 சென்டிமீட்டர் கீழே விழும். 300இல் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு விழும். அதனால்தான் புதியவர்களை 200க்கு மேல் சுட நான் விடுவதில்லை.

நியூசிலாந்தில் தோட்டா வாங்க உரிமம் வேண்டும். வருகையாளர் உரிமம் எடுக்காதவர்கள், உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே இருந்து கண்காணிக்கும்போது மட்டும் சுடலாம். உரிமம் உள்ளவரிடம் இரண்டு மூன்று வகையில் வகைக்கொரு பெட்டி வாங்கச் சொல்லுங்கள். பெட்டியில் 20 இருக்கும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு தோட்டா பிடிக்கும், காரணம் சொல்ல முடியாது. 100 மீட்டரில் மணல் மூட்டை மேல் வைத்து, இடையிடையே குழாயை ஆறவிட்டு, மூன்று மூன்றாகச் சுடுங்கள். மூன்றும் 5 சென்டிமீட்டருக்குள் விழும் வகையை எடுத்துக்கொண்டு, அதே தொகுதி எண் போட்ட பெட்டிகளாக இன்னும் சில வாங்குங்கள். கடைசி நாளில் மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு பெட்டிக்கு மாறாதீர்கள். எடை ஒன்றாக இருந்தாலும் குண்டு போய் விழும் இடம் மாறும்.

ஒவ்வொரு தடவையும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் குழாயில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். உள்ளே போகிறதே என்று நம்பக்கூடாது. .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கிக்குள் போகும், சுட்டால் துப்பாக்கி வெடிக்கும். உதிரியாகப் பையில் கிடக்கும் தோட்டாவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உறையில் நசுங்கல் இருந்தால் தள்ளிவையுங்கள்.

திரும்பி வரும் நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது, இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சிங்கப்பூரின் ஆயுதக் குற்றச் சட்டத்தில் அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. தெரியாமல் வந்தது என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வேண்டாம். நினைவுக்கு என்று காலி உறையைக்கூட எடுத்து வராதீர்கள். வேட்டைச் சட்டை, முதுகுப்பை, இடுப்புப்பை எல்லாவற்றையும் வெளியே உதறி, ஒவ்வொரு பையையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். முடிந்தால் அந்த உடுப்பையே அங்கே விட்டுவிடுங்கள். மீதித் தோட்டாக்களைப் பெட்டியிலேயே போட்டு, எந்தத் துப்பாக்கிக்கு, எத்தனை மீட்டரில் நேர்செய்தது, தொகுதி எண் என்ன என்று மூடியில் பேனாவால் எழுதி, உரிமம் உள்ளவரிடம் ஒப்படையுங்கள். அவர் அதைத் துப்பாக்கியிலிருந்து தனியாகப் பூட்டி வைத்துக்கொள்வார். அடுத்த பருவத்துக்குப் போகும்போது அந்தப் பெட்டியிலிருந்து மூன்று தோட்டா காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு வேட்டைக்குக் கிளம்பலாம்.