காது மந்தமானவரோடு வீடியோவில் பேசுவது எப்படி?

வீடியோ அழைப்பு என்றதும் எல்லோரும் கேமராவைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என் தந்தைக்குக் காது மந்தம். பல ஆண்டுகளாக அவரோடு தொலைவிலிருந்தே பேசிவருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் ஒலியைக் கவனியுங்கள். படம் மங்கினால் அப்பா பொறுத்துக்கொள்வார். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு அழைப்பை முடித்துவிடுவார்.

இரு பக்கமும் ஹெட்போன் வேண்டும். ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை மறுமுனையில் இருப்பவரின் மைக் பிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் எதிரொலி. மென்பொருள் அதை வடிகட்டும். வடிகட்டும் வேகத்தில் அவர் பேசும் முதல் சொல்லையும் சில நேரம் விழுங்கிவிடும். அவர் செவித்துணைக் கருவி அணிபவர் என்றால், அதை புளூடூத்தில் கைப்பேசியோடு இணைக்க முடிகிறதா என்று பாருங்கள். பல கருவிகளில் அந்த வசதி இருக்கிறது.

அடுத்தது தாமதம். இணையத் தகவலைச் சுமக்கும் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது; 10,000 கிலோமீட்டரைக் கடக்கவே 50 மில்லிநொடி ஆகும். படத் தகவலை அனுப்பும்முன் சுருக்கி, மறுமுனையில் விரிக்கும் நேரம் தனி. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைத் தாண்டினால் இருவரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தி, மறுபடி ஒன்றாகத் தொடங்குவீர்கள். காது மந்தமானவருக்கு இது பெரும் வதை. எனவே கேள்வி கேட்டதும் காத்திருங்கள். பதில் வரவில்லையே என்று அதையே திரும்பக் கேட்காதீர்கள். பதில் வழியில் இருக்கும்.

அப்படியானால் படம் எதற்கு? உதடுகளுக்காக. நான் சொல்வதில் பாதியை அப்பா என் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பின்னாலுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சரிசெய்துகொள்ளும், உங்கள் முகம் இருண்டுபோகும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். கத்த வேண்டாம், கத்தினால் உதட்டசைவு கோணலாகும். தேதி, தொலைபேசி எண், மருந்தின் பெயர் ஆகியவற்றை அழைப்பிலேயே தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள்.

இணையம் தடுமாறினால் "வீடியோவை அணைத்துவிடுங்கள்" என்பார்கள். கணக்கு சரிதான்: குரலுக்குச் சில பத்து கிலோபிட் போதும், தெளிவான படத்துக்கு நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். ஆனால் உங்கள் உதடுகள் மறைந்தால் அவருக்குப் பாதிப் பேச்சு போயிற்று. முதலில் அவரை ரவுட்டருக்கு அருகில் வந்து உட்காரச் சொல்லுங்கள். (மைக்ரோவேவ் அடுப்பு ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை அது குழப்பும்.) அதற்கும் சரியாகாவிட்டால் அவர் பக்கக் கேமராவை மட்டும் அணையுங்கள், உங்களுடையது ஓடட்டும்.