மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிபியா? சிறுநீரக ரத்தக்குழாயைக் கேளுங்கள்

நீர் மாத்திரையோடு சேர்த்து மூன்று மாத்திரை போட்டும் என் பிபி 170-ஐ விட்டு இறங்கவில்லை. உப்பைக் குறை, கவலைப்படாதே என்று ஆளாளுக்கு யோசனை. விடைக்கான துப்பு பழைய வயிற்று ஸ்கேனிலேயே இருந்தது: வலது சிறுநீரகம் 10.6 செ.மீ., இடது 8.7. வித்தியாசம் 1.5 செ.மீ.க்கு மேல் போனால், சின்னதற்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரத்தம் குறைவாக வந்தால், உடம்பு முழுக்கவே அழுத்தம் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும், அதனால் பிபி எகிறும். 1934-இல் அமெரிக்க மருத்துவர் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கி இதைக் காட்டிவிட்டார்.

டாக்டரிடம் போகுமுன் பழைய கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற (பெயர் ப்ரில், சார்டன் என்று முடியும்) பிபி மாத்திரை ஆரம்பித்த தேதியையும் பக்கத்தில் குறியுங்கள். அதன்பிறகு கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் அது பெரிய துப்பு. எனக்கு 1.1 இருந்தது 1.6 ஆனது. அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு என்றால் பெரும்பாலும் இதே மாத்திரைதான் கைகொடுக்கும். இரண்டு பக்கமும் என்றால்தான் கூடுதல் கவனம். ஆரம்பித்த ஓரிரு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்துவிட வேண்டும். 30 வயதுக்கு முன்போ 55-க்குப் பிறகோ திடீரென்று பிபி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முதலில் டாப்ளர் (ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) கேளுங்கள். வெறும் வயிற்றில் போவது நல்லது; குடலில் வாயு இருந்தால் படம் தெரியாது. பார்ப்பவரின் கைப்பழக்கமும் முக்கியம். சந்தேகம் தீராவிட்டால் சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சிடி ஸ்கேன்). அதற்குச் சாய மருந்து ஏற்றுவார்கள் என்பதால் கிரியாட்டினின் அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"ஒரு ஸ்டென்ட் வைத்தால் முடிந்ததே!" என்று வீட்டில் கேட்பார்கள். கொழுப்புப் படிந்த அடைப்பில் மாத்திரையோடு ஸ்டென்ட் வைத்தும் கூடுதல் பலன் இல்லை என்று 2014-இல் வெளியான கோரல் (CORAL) என்ற ஆய்வு சொன்னது. நுரையீரலில் திரும்பத் திரும்ப நீர் கோத்தாலோ, சிறுநீரகம் வேகமாகக் கெட்டாலோ கணக்கு வேறு; அப்போது ஸ்டென்ட்டை யோசிப்பார்கள். இளம்பெண்களுக்கு வரும் தசைநார் வகைச் சுருக்கத்துக்குப் பெரும்பாலும் பலூனால் விரித்தாலே போதும்.

அப்புறம், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடாதீர்கள். வாந்திபேதி வந்தால் நீர் மாத்திரையையும் ப்ரில், சார்டன் வகையையும் தொடரலாமா என்று அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.