ஜாரில் இறங்கிய துத்தநாகம் தொட்டியில் இறங்கவில்லை

சுரங்கக் கழிவுநீரைச் சுண்ணாம்புப் பால் விட்டுத் தெளியவைத்து ஆலைக்கே திருப்பி அனுப்புகிறோம். திடீரென்று தெளிந்த நீரில் துத்தநாகம் ஏறியது. துகள்களைத் திரட்டும் பாலிமரைக் கூட்டினோம், சுண்ணாம்பை மாற்றினோம்; பலனில்லை. ஆனால் அதே நீர் ஆய்வகத்து ஜார் சோதனையில் (சிறு ஜாடியில் அதே மருந்துகளைக் கலந்து பார்ப்பது) அழகாகத் தெளிந்தது. அங்கே பிஹெச் (அமில-கார அளவு) காட்டியது வேறொரு மீட்டர்!

தொட்டியின் பிஹெச் மீட்டர் மின்முனையை, பிஹெச் 10-லேயே நிற்கும் தாங்கல் கரைசலில் வைத்தேன். 10 காட்டத்தான் செய்தது, ஆமை வேகத்தில். அதனால்தான் அளவுத்திருத்தத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண்ணாடி முனையில் மெல்லிய சுண்ணாம்புப் படிவு. மீட்டர் விழிப்பதற்குள், அதன் எண்ணைப் பார்த்து ஓடும் பம்ப் சுண்ணாம்பை வாரி இறைத்து, நிஜ பிஹெச் 11-ஐத் தாண்டிவிடும். 9 சுமாரில் வீழ்படிவான துத்தநாகம் மறுபடி கரைந்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முனையை ஊறவைத்துக் கழுவியதும் சரியானது, அப்பாடா. இப்போது கழுவும்போதெல்லாம், எண் நிலைக்க எத்தனை விநாடி ஆகிறது என்றும் குறித்துவைக்கிறோம்.