போர்ப் பசி: புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம், நிவாரணப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் இருபது பேருக்கு ஒரு கேள்வி கொடுத்தேன். சண்டை நெருங்கும் மாவட்டம், கையில் கொஞ்சம் பணம், மழைக்கு இன்னும் இரண்டு மாதம். என்ன செய்வீர்கள்? பதினேழு பேர் "முதலில் ஓர் ஆய்வு" என்று எழுதியிருந்தார்கள். தென் சூடானுக்குப் போன முதல் வருடம் நானும் அதையேதான் எழுதினேன். படிவத்தை ஒழுங்காக நிரப்பு, பட்டியலைச் சரிபார் என்பதையெல்லாம் உங்கள் மேலாளரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விலை ஏறவில்லையே என்று நிம்மதியடைவது

தென் சூடான் சந்தைகளில் சோளத்தை மல்வா என்ற அளவில் விற்பார்கள். ஒரு மல்வா ஏறக்குறைய மூன்றரை கிலோ. மூன்று வாரமாக விலை அசையவில்லை என்று ஒருமுறை அறிக்கை அனுப்பினேன். அப்புறம் ரேடியோவில் விசாரித்தால், சந்தையில் விற்கவே ஆள் இல்லையாம். விலை எடுப்பவர் பழைய எண்ணையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். ஓர் ஆட்டை விற்றால் எத்தனை மல்வா கிடைக்கிறது என்று கேளுங்கள். ஆடு திடீரென்று மலிந்தால், ஊர் மூட்டை கட்டுகிறது என்று அர்த்தம்.

பஞ்சம் என்று அறிவிக்கட்டும் என்று காத்திருப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

உணவு நெருக்கடியை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஐந்தாவதுதான் பஞ்சம். ஐந்தில் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடே இல்லாத நிலை, குழந்தைகளில் 30 சதவீதம் பேர் உடல் மெலிந்துபோன நிலை, பத்தாயிரம் பேருக்குத் தினமும் இரண்டு சாவு. பொதுவாக இத்தனையும் தேறினால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். அதாவது பிணத்தை எண்ணிய பிறகு. சோமாலியாவில் 2011 ஜூலை 20 அன்று பஞ்சம் அறிவிக்கப்பட்டது. இறந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அதில் ஏறக்குறைய பாதிப்பேர் அறிவிப்புக்கு முன்பே போய்விட்டார்கள்.

நான் பார்த்தது தென் சூடானில் யூனிட்டி என்ற பகுதியின் தெற்குப் பக்கம். 2015 சண்டையில் வீடுகளை எரித்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சனங்கள் சதுப்பு நிலத்துக்குள் ஒளிந்து அல்லிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த பிப்ரவரியில், தரை காய்ந்திருக்கும்போதே சோளமும் விதையும் லாரியில் ஏற்றிவிடலாம் என்று எழுதினேன். "ஆதாரம் போதவில்லை, இன்னொரு சுற்று ஆய்வு நடத்துங்கள்" என்று பதில் வந்தது. நானும் தலையாட்டினேன். ஹெலிகாப்டரில் இடம் கிடைக்க ஒரு மாதம். துப்பாக்கிச் சத்தத்தால் பாதியில் திரும்பியது இரண்டு தடவை. அறிக்கை கைக்கு வந்தபோது ஜூன்.

அங்கே மண் கரிசல். நம் கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை விழுந்தால் லாரி அச்சு வரை புதையும். பிறகு விமானத்திலிருந்துதான் மூட்டை போட வேண்டும். செலவு பல மடங்கு. விதை போய்ச் சேர்ந்தபோது விதைப்பு முடிந்திருந்தது. மருந்து பூசிய இளஞ்சிவப்பு விதையை ஓர் அம்மா மூன்று தடவை கழுவி உலையில் போட்டதைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, அவருக்குக் கொடுக்க வேறு எதுவும் கையில் இல்லை.

2017 பிப்ரவரி 20 அன்று அதே யூனிட்டியில் லேர், மயெண்டிட் இரண்டு இடங்களிலும் பஞ்சம் அறிவித்தார்கள். உதவி குவிந்தது. ஜூனிலேயே அந்தப் பெயர் நீங்கியது. அப்படியானால் முடியாத வேலை இல்லையே! சண்டை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. விதைக்கும் மாதம் ஊருக்கே தெரியும். அதிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணி, சந்தேகம் பாதிக்குப் பாதி இருந்தாலும் லாரியைக் கிளப்புங்கள். கணிப்பு தவறினால் சோளம் கிடங்கில் கிடக்கும், அவ்வளவுதானே.

வரைபடத்தில் நிறம் இல்லாத இடத்தைத் தாண்டிப் போவது

உணவு நெருக்கடியைக் காட்டும் வரைபடத்தில் ஓர் இடம் நிறம் இல்லாமல் இருந்தால், அங்கே பசி இல்லை என்று அர்த்தம் இல்லை; யாராலும் நுழைய முடியவில்லை என்று அர்த்தம். முதலில் அதைப் பாருங்கள்.

தலைக்கணக்கை ஒரு தரப்பிடம் மட்டும் கேட்பது

வன்னி, 2009. போர் நடக்கும் பகுதிக்கு உள்ளே 70,000 பேர் என்றது இலங்கை அரசு. வெளியே வந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

'வறட்சி' என்று எழுதித் தப்பிப்பது

களஞ்சியத்துக்குத் தீ வைத்தது வானம் இல்லை. பசியைப் போர்முறையாக்குவதை ஐ.நா. பாதுகாப்புச் சபையே 2018 மே மாதம் 2417ஆம் தீர்மானத்தில் கண்டித்திருக்கிறது. நீங்களும் எழுதலாம்.

மூட்டை மட்டும்தான் உதவி என்று நினைப்பது

குவித்து வைத்த மூட்டை துப்பாக்கிக்காரர்களை வரவழைக்கும். சதுப்புத் தீவுகளில் இருந்தவர்களுக்குத் தூண்டில் முள்ளும் நைலான் நூலும் கொடுத்தோம். ஒரு பாட்டி வாங்கித் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். சோள மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, இதோடு ஓடலாம் என்றார். அடுத்த தடவை முள் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றும் சொன்னார். கெளுத்திக்கு இது பத்தாதாம்.