தொடு உணர்வும் மரபணுவும்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

2021-இல் உயிரியலாளர் ஆர்டெம் படாபூட்டியன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிறகு, 'தொடு உணர்வு மரபணு' என்று பலரும் எழுதத் தொடங்கினார்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. அவருடைய குழு 2010-இல் கண்டறிந்த பியசோ2 மரபணு ஒரு புரதத்தை உருவாக்கச் சொல்கிறது. நரம்பு முனையின் சவ்வு அழுத்தப்படும்போது அந்தப் புரதம் திறந்து அயனிகளை (மின்னேற்றம் கொண்ட துகள்களை) உள்ளே விடுகிறது. அதன் வேலை அவ்வளவுதான். இந்த மரபணு செயலிழந்த இருவரைப் பற்றி 2016-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் எழுதினார்கள். தோலில் வைத்த அதிர்வை அவர்களால் உணர முடியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டால் நடக்கத் தடுமாறினார்கள், ஏனென்றால் தங்கள் கைகால்கள் எங்கே இருக்கின்றன என்பதே தெரியவில்லை. ஆனால் சூடு, அரிப்பு எல்லாம் உறைத்தது. முடியுள்ள தோலில் மென்மையாகத் தூரிகையால் வருடினாலும் தெரிந்தது. ஆக, போனது தொடு உணர்வு முழுவதும் அல்ல. இழந்தவற்றின் பட்டியலில், கைகால்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும், தோலுக்கே சம்பந்தமில்லாத உணர்வும் இருந்தது.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: மரபணுவை வீடு கட்டும் வரைபடத்தோடு ஒப்பிடுவது. சுண்டெலியின் மீசையைப் பார்த்தாலே இந்த ஒப்பீடு ஆட்டம் காணும். மூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கில்) ஒவ்வொரு மீசை மயிருக்கும் பீப்பாய் வடிவில் ஒரு நரம்பணுத் தொகுதி இருப்பதை 1970-இல் உல்சி, வான் டெர் லூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். முகத்தில் மயிர்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, மூளையிலும் அதே வரிசை. இதை மரபணு முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பிறந்த முதல் சில நாட்களுக்குள் ஒரு வரிசை மயிரின் வேர்களைச் சிதைத்தால், அந்த வரிசைக்குரிய பீப்பாய்கள் தனித்தனியாக உருவாவதில்லை. பக்கத்து வரிசையின் பீப்பாய்கள் பெரிதாகின்றன. சில நாட்கள் தாமதித்து அதே வேர்களைச் சிதைத்தால் பீப்பாய்களின் அமைப்பு மாறுவதில்லை. ஆக, இந்த அமைப்பு உருவாகக் குறித்த நாட்களில் மயிர் வேர்களும் நலமாக இருக்க வேண்டும்; மரபணு மட்டும் போதாது.

அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. எம்ஏஓஏ மரபணு இல்லாத சுண்டெலிகளில், மீசை மயிர்கள் முழுதாக இருந்தும் பீப்பாய்கள் உருவாகவில்லை. (ஊடகங்கள் ஆக்ரோஷத்தோடு இணைத்து 'போர்வீரன் மரபணு' என்று பட்டம் சூட்டிய அதே எம்ஏஓஏதான்; மீசை பற்றி மட்டும் யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை.) காரணம் சுற்றுவழியானது. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரடோனினை இந்த மரபணு தரும் நொதிதான் சிதைக்கிறது. அது இல்லாததால் குட்டியின் மூளையில் செரடோனின் பெருகி, புலன் செய்திகளைப் புறணிக்குக் கடத்தும் மூளைப்பகுதியான தலாமஸிலிருந்து வரும் நரம்பிழைகள் கொத்துக்கொத்தாகப் பிரிவதைத் தடுக்கிறது. பிறந்த முதல் வாரத்தில் செரடோனின் உற்பத்தியை மருந்தால் குறைத்தபோது, மரபணு இல்லாமலேயே பீப்பாய்கள் உருவாகின. 1996-இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகும் 'பீப்பாய்க்கான மரபணு' என்று எழுத மனம் வருமா?

கோளாறு என்றால் மூளையில்தான் என்று முடிவுகட்டுவதும் அவசரமே. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மெக்பி2, காப்ஆர்பி3 மரபணுக்களை, தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பணுக்களில் மட்டும் ஹார்வர்டில் டேவிட் கின்டியின் குழு நீக்கிப் பார்த்தது. மூளையைத் தொடவே இல்லை. அந்தச் சுண்டெலிகள் லேசான தொடுதலுக்கே மிரண்டன. வளர்ந்த பிறகு பதற்றமும், மற்ற எலிகளோடு பழகுவதில் குறையும் தெரிந்தன.

இந்த முடிவுகளை அப்படியே நம் குழந்தைகளுக்குப் பொருத்துவது கடைசித் தவறு. நமக்கு மீசைப் பீப்பாய்கள் கிடையாது. மனிதர்களில் கருவிலேயே நடந்துவிடும் மூளை வளர்ச்சிப் படிகள் பல, சுண்டெலியில் பிறந்த பிறகுதான் நடக்கின்றன. எனவே சுண்டெலிக் குட்டியின் முதல் வாரத்தைக் காட்டி, 'குழந்தை பிறந்த முதல் வாரத்தில் இப்படித் தொடுங்கள்' என்று யாராவது எண்ணெயோ பயிற்சியோ விற்க வந்தால், அது எந்த உயிரினத்தின் எந்த வாரம் என்று கேளுங்கள்.