நட்புக் குழு ஃபிரான்சைஸ் வாங்கும் முன் தலைகளை எண்ணுங்கள்

புது ஊருக்குக் குடிவந்தவர்கள், துணையைப் பிரிந்தவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் சந்தா கட்டிச் சேர்ந்து, ஒன்றாக நடக்கவும் சாப்பிடவும் நாடகம் பார்க்கவும் போகிற குழுக்கள் பல நாடுகளில் உண்டு. அவற்றில் சில ஃபிரான்சைஸாக விற்பனைக்கு வருகின்றன. பெயர், வெப்சைட், முன்பதிவு மென்பொருள், கையேடு எல்லாம் தாய் நிறுவனத்துடையது. ஏரியா மட்டும் உங்களுடையது. நான் அப்படி ஒரு குழுவில் உறுப்பினராகச் சேர்ந்து, நிகழ்ச்சிகளை நடத்திக்கொடுக்கும் தன்னார்வலராகி, பிறகு அதையே வாங்கி நடத்துகிறவள். அதற்கு முன் கணக்கு எழுதும் வேலை. அதனாலோ என்னவோ, வாங்கலாமா என்று யார் கேட்டாலும் முதலில் தலைகளை எண்ணச் சொல்வேன்.

அறிமுகக் கூட்டத்தில் பெரிய எண் ஒன்றைக் காட்டுவார்கள். இலவசமாகப் பதிந்துவிட்டு ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர்களும் அதில் இருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு எண்கள். போன மாதம் சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒரு நிகழ்ச்சிக்காவது வந்தவர்கள் எத்தனை பேர்? வந்தவர்கள் பாதிக்கும் கீழே என்றால், மீதிப் பேரில் பலர் சந்தாவை நிறுத்த மறந்தவர்கள். நினைவு வந்ததும் போய்விடுவார்கள்.

அடுத்தது விலகுகிறவர்களின் எண்ணிக்கை. மாதம் 100க்கு 5 பேர் விலகுவது சின்ன விஷயமாகத் தெரியும். அதே வேகத்தில் போனால் வருடக் கடைசியில் அந்த 100 பேரில் ஏறக்குறைய 54 பேர்தான் மிஞ்சுவார்கள். குழு 100 ஆகவே நிற்க, வருடத்துக்கு 60 புது ஆட்களைப் பிடிக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கென்றே ஒரு வினோதமும் உண்டு. ஜிம்மில் பிடிக்காதவர்தான் விலகுவார். இங்கே நன்றாகப் பிடித்துப்போனவரும் விலகுவார். நாலு நண்பர்கள் கிடைத்த பிறகு உங்களுக்கு எதற்குச் சந்தா?

பணக் கணக்கை எந்த நாட்டில் இருந்தாலும் சந்தாக்களாக மாற்றிப் போட்டுப் பாருங்கள், சுலபமாகப் புரியும். உதாரணத்துக்கு, தாய் நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் 15 பேரின் சந்தா, மென்பொருளுக்கு 3, விளம்பரத்துக்கு 12, இன்சூரன்ஸ், போன் வகையில் 5 என்று வையுங்கள். மொத்தம் 35. ஆக, 36-ஆவது ஆளிடமிருந்துதான் உங்கள் கைக்கு ஏதாவது வரும். 60 பேர் சேர்ந்துவிட்டால் மாதம் 25 சந்தா மிஞ்சும். முன்பணம் 300 சந்தா என்றால் அதை மீட்கவே 12 மாதம். அதுவும் 60 பேர் சேர்ந்த பிறகு! அந்த 60-ஐ எட்டும்வரை கைக்காசு போகும். குழு சின்னதாக இருக்கும்போது, இப்படி நிலையான மாதக் கட்டணத்தைவிட வருமானத்தில் சதவீதமாக எடுக்கும் ராயல்டியே மேல். அந்த ராயல்டிக்குக் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்றை நிர்ணயித்திருந்தால் அதைத்தான் முதலில் பேரம் பேச வேண்டும்.

இந்தக் கணக்கில் உங்கள் உழைப்புக்குக் கூலி சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மற்றவர்களின் ஓய்வு நேரம்தான் உங்கள் வேலை நேரம். மாலையும் சனி ஞாயிறும் போய்விடும்.

அப்புறம், வேறு ஏரியாவில் உள்ள ஒரு கிளையில் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்து சில மாதங்கள் போய் வாருங்கள். வாங்க வந்தவர் என்று சொல்ல வேண்டாம். பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வருகிறார்கள்? சுவரோரம் தனியாக நிற்கும் புதியவரிடம் யார் போய்ப் பேசுகிறார்கள்? முக்கியமாக, வாராவாரம் அதே முகங்கள் தென்படுகின்றனவா? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வரவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும்; நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். வாரம் ஒருமுறை 3 மணி நேரம் சந்தித்தால், அந்த 50-க்கே ஏறக்குறைய நான்கு மாதம். எனவே இரண்டாம் மாதத்திலேயே ஆட்கள் கழன்றுகொள்ளும் கிளையில் யாருக்கும் நட்பு அமைய நேரமே கிடைப்பதில்லை. தினுசு தினுசாக நிகழ்ச்சி போடுவதைவிட, அதே இருபது பேரைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைக்கும் கிளையைத்தான் நான் நல்ல கிளை என்பேன்.

ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுவது இருக்கட்டும். முதலில் நீங்களே ஒரு கேள்வியோடு படியுங்கள்: நான் வெளியேறினால் என்னோடு என்ன வரும்? பெரும்பாலும் உறுப்பினர் பட்டியல், வெப்சைட், பெயர் எதுவும் வராது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் போன் எண்ணும் வாட்ஸ்அப் குழுவும் யாருடையவை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். விலகிய பிறகு அதே ஊரில் வேறு குழு நடத்தத் தடை உண்டா, எத்தனை வருடம்? உங்கள் ஏரியாவில் குடியிருப்பவர் ஆன்லைனில் பக்கத்துக் கிளையில் சேர்ந்தால் சந்தா யாருக்கு? மலையேற்றத்தில் ஒருவர் விழுந்தால் இன்சூரன்ஸ் யார் பெயரில்? ஒரு உறுப்பினர் இன்னொருவரிடம் அத்துமீறினார் என்று புகார் வந்தால் நீக்கும் அதிகாரம் யாருக்கு? கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாத நிறுவனத்திடம் நான் வாங்கவே மாட்டேன்.

கிளையை வாங்கி நடத்திவிட்டு விலகிப் போனவர்களிடம் பேசியே ஆக வேண்டும். அமெரிக்காவில் கையெழுத்துக்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பு, 23 தலைப்புகள் கொண்ட விவர ஆவணத்தைக் கொடுக்கச் சட்டமே சொல்கிறது. அதில் 20-ஆவது தலைப்பில், கடந்த ஆண்டு விலகியவர்களின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்கும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. அங்கே நீங்களாகக் கேட்டால்தான் உண்டு. தாய் நிறுவனம் கைகாட்டும் இரண்டு பேரிடம் மட்டும் பேசித் திருப்தி அடையாதீர்கள். விலகியவரிடம் லாபம் வந்ததா என்று கேட்பதைவிட, கடைசி மூன்று மாதம் எப்படிப் போனது என்று கேளுங்கள். மனம்விட்டுப் பேசுவார்.

ஏற்கெனவே ஓடும் குழுவை வாங்குவதாக இருந்தால் தலைவலி வேறு. மக்கள் வருவது குழுவுக்கா, பழைய உரிமையாளருக்கா? அவர் ஊரில் இல்லாத வாரங்களின் வருகைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருட பேங்க் ஸ்டேட்மெண்டையும் சந்தா வரவோடு ஒப்பிடுங்கள். விலையில் ஒரு பங்கை, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் மிஞ்சுகிறார்களோ அதற்கேற்பத் தருவதாகப் பேசலாம். நம்பிக்கை உள்ள விற்பனையாளர் ஒத்துக்கொள்வார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால், சின்னதாகச் சொந்தமாக ஒரு குழு நடத்திப் பாருங்கள். 2002-இல் தொடங்கிய மீட்அப் போன்ற, ஆட்களை நேரில் சந்திக்க வைக்கும் இணையதளங்களில் அமைப்பாளராகக் கட்டணம் கட்டினால் போதும். ஃபிரான்சைஸ் முன்பணத்தோடு பார்த்தால் அது சொற்பம். மூன்று மாதத்தில் அதே பதினைந்து பேர் திரும்பத் திரும்ப வந்தால், தாய் நிறுவனத்தின் பெயர் உங்களுக்குத் தேவையா என்பதே வேறு கேள்வியாகிவிடும். ஆனால் இதைக் கையெழுத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். போட்ட பிறகு செய்தால், போட்டிக் குழு நடத்துகிறீர்கள் என்று ஒப்பந்தமே உங்கள் மேல் பாயும்.