கணவாய்க் காற்றும் இரவு அழைப்பும்: கணினி வேலையில் இருப்பவர் மாரத்தானுக்குத் தயாராகும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி போன்ற ஊர்களில் குடியிருந்துகொண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் அலுவலகத்துக்குப் போய்வந்து, மற்ற நாள்களில் வீட்டு மாடியறையிலிருந்தே வேலை பார்க்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருவன். மாரத்தான் பயிற்சி அட்டவணைகள் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை எழுதியவர்களுக்கு அமெரிக்கக் குழுவோடு பேசும் இரவு அழைப்பும் கிடையாது, புதிய மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வாரமும் கிடையாது, பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் தெரியாது. ஆகவே அட்டவணையை முதலில் எடுக்காதீர்கள். அலுவலக நாட்காட்டியை எடுத்து மேசையில் விரித்து, அதன் மேல் ஓட்டத்தை எழுதுங்கள். நான் சொல்ல வந்ததில் பாதி இவ்வளவுதான்.

எடுத்துக்காட்டாக, ஜனவரி மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று நடக்கும் மும்பை மாரத்தானை வைத்துக்கொள்வோம். 2004 முதல் நடந்துவரும் இந்த ஓட்டம் நம் பருவத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. 42.195 கிலோமீட்டருக்கு உடலைப் பழக்க, ஏற்கெனவே பத்து கிலோமீட்டர் சிரமமின்றி ஓடுபவருக்கு ஏறக்குறைய 20 வாரங்கள் வேண்டும். பின்னோக்கி எண்ணினால் ஓணத்தை ஒட்டித் தொடங்கியாக வேண்டும் என்று தெரியும். பத்து கிலோமீட்டரே இன்னும் வராதவர்கள் இந்த ஆண்டை அதற்கென்று ஒதுக்கிவிட்டு, முழு தூரத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இனி அமெரிக்க நேரம். அவர்கள் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். நியூயார்க்கில் காலை 11 மணிக்கு வைக்கும் கூட்டம் கோடையில் நமக்கு இரவு 8.30 மணிக்கு வரும். நவம்பர் பிறந்ததும் அதே கூட்டம் 9.30 ஆகிவிடும். நம் பயிற்சி உச்சத்தை நோக்கி ஏறத் தொடங்கும் அதே வாரத்தில் நம் உறக்கத்திலிருந்து ஒரு மணி நேரம் பறிபோகிறது. முதல் ஆண்டு இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அக்டோபர் வரை நன்றாகப் போன ஓட்டம் நவம்பரில் ஏன் இப்படிக் கனக்கிறது என்று புரியாமல் காலணியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு வழி எளிது: அழைப்பு உள்ள நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் கடினமான ஓட்டத்தை வைக்காதீர்கள். அழைப்புகள் திங்கள், புதன் இரவுகளில் என்றால் வேக ஓட்டத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுங்கள். முந்தைய இரவு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியிருந்தால் அன்றைய ஓட்டத்தை மெதுவோட்டமாக மாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். விட்டதை மறுநாள் சேர்த்து ஓடிக் கணக்கைச் சரிக்கட்ட முயல வேண்டாம்.

ஆன்-கால் வாரத்தை, அதாவது எந்நேரம் கோளாறு வந்தாலும் எழுந்து சரிசெய்ய வேண்டிய முறை நம்முடையதாக இருக்கும் வாரத்தை, பலர் பகையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது துணையாகவே அமைந்திருக்கிறது. மூன்று வாரம் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காம் வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து உடலை ஆறவிடுவது ஓட்டக்காரர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் பழக்கம். உங்கள் குழுவில் நால்வர் முறைவைத்து ஆன்-கால் பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் முறை வரும் வாரமே அந்தக் குறைப்பு வாரமாக இருக்கட்டும். நள்ளிரவில் அலாரம் வந்து சர்வரை எழுப்பிவிட்டுப் படுத்தாலும் மறுநாள் இழப்பதற்கு ஒன்றும் இராது. முறை ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்தால், பயிற்சி தொடங்குவதற்கு முன்பே சக ஊழியரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் கேட்டால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். ரிலீஸ் வாரத்திலும் மெதுவோட்டம் மட்டுமே.

இன்னொரு வரவும் நாட்காட்டியில் ஒளிந்திருக்கிறது. நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழன் அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள். அன்று தொடங்கி ஞாயிறு வரை அழைப்புகள் ஓய்ந்திருக்கும். டிசம்பர் பாதிக்குமேல் பல நிறுவனங்களில் நேரடிப் பயன்பாட்டிலுள்ள மென்பொருளில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று நிறுத்திவைத்துவிடுவார்கள். நம் நீண்ட ஓட்டங்கள், அதாவது 28, 30, 32 கிலோமீட்டர் ஓட்டங்கள், இந்த நாள்களில்தான் விழ வேண்டும். 32க்கு மேல் பயிற்சியில் போக வேண்டியதில்லை. கடைசி நீண்ட ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் இடையே மூன்று வாரம் விட்டு, அந்த வாரங்களில் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

வாரத்துக்கு நான்கு நாள் ஓடினால் போதும். அதில் ஒரு நாள் வேகம், ஒரு நாள் நீளம், மற்ற இரண்டும் மெதுவோட்டம். மெதுவென்றால் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போகும் அளவுக்கு மெது. எண்களோடு வாழும் நமக்கு இதுவே மிகக் கடினமான பாடம். கைக்கடிகாரத்தில் வேகம் தெரிந்தால் அதைக் கூட்டக் கால் துறுதுறுக்கும். ஆகவே மெதுவோட்ட நாளில் அந்தத் திரையிலிருந்து வேகத்தை எடுத்துவிட்டு, கடந்த நேரத்தை மட்டும் வைத்திருக்கிறேன். எங்கள் முக்கிலுள்ள டீக்கடை அண்ணாச்சி விடியற்காலையில் அடுப்பு மூட்டும்போது நான் அவரைக் கடந்துபோவேன். "இன்னிக்கு எத்தனை தம்பி?" என்று கேட்பார். நின்று மூச்சு வாங்காமல் "பன்னெண்டு அண்ணாச்சி, வர ஏழு ஆகும், டீ எடுத்து வையுங்க" என்று ஓடியபடியே முழுதாகச் சொல்ல முடிந்தால் அன்றைய வேகம் சரி.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த வாசல்தான் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இவ்வாசலில் நெருக்கிக்கொண்டு கிழக்கே பாயும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மேற்கு நோக்கி ஓடிப் பார்த்தவர் நம்புவார். கார்த்திகை பிறந்ததும் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வறண்டு வீசும். விருச்சிக மாதத்தில் வருவதால் மலையாளிகள் இதை விருச்சிகக் காற்று என்கிறார்கள். உதடு வெடிக்கும், பனையோலைகள் இரவெல்லாம் சலசலக்கும்.

இதை வைத்துப் பாதையைத் தீர்மானிக்கலாம். போய்த் திரும்பும் ஓட்டமாக இருந்தால், கால் புதிதாக இருக்கும் முதல் பாதியில் எதிர்காற்றை வாங்கிக்கொண்டு, களைத்த பின்பாதியில் காற்று முதுகைத் தள்ளும்படி திரும்புவது பொதுவிதி. டிசம்பரில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே எல்லையை நோக்கி இருட்டில் ஓடி, மேற்கே திரும்பினால், ஏறும் வெயிலும் முதுகுப் பக்கமே இருக்கும், கண் கூசாது. ஆனால் பின்காற்றோடு ஓடும்போது உடலைச் சுற்றியுள்ள காற்று நம்மோடே நகர்வதால் வியர்வை உலராது, சூடு தணியாது. எனவே தண்ணீரில் பெரும்பகுதியைத் திரும்பும் வழிக்கு மிச்சம் வையுங்கள். எதிர்காற்றில் வழக்கமான வேகத்தைப் பிடிக்க முயல்வது வீண். முயற்சி மாறாமல் இருக்கட்டும். வேகம் குறைந்தால் குறையட்டும்.

பாதையைப் பொறுத்தவரை, வாளையாறு வழியாகச் செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓடவே கூடாது. சரக்கு லாரிகளுக்கு இருட்டில் நாம் தெரிய மாட்டோம். வாளையாறு, மலம்புழைப் பக்கத்துக் காட்டோரச் சாலைகளில் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடியாமல் அங்கே போகாதீர்கள். வாய்க்கால் கரைச் சாலைகளும், தென்னந்தோப்புகளை ஒட்டிய ஊராட்சிச் சாலைகளுமே நமக்கு ஏற்றவை. அங்கும் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒளிரும் பட்டை அணிந்து, தலைவிளக்கோடு ஓடுங்கள். காதில் எதையும் மாட்ட வேண்டாம். கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலை செல்லும் வண்டிகள் இரவெல்லாம் பயணித்து விடியும் நேரத்தில் நம் ஊர்களைக் கடக்கின்றன. ஓட்டுநர் கண் அயரும் நேரம் அது. விளக்கொளி கண்டதும் சாலையை விட்டு இறங்கி நின்றுவிடுங்கள்.

நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும், கண்ணோடு கண் பார்க்கக் கூடாது. கடித்துவிட்டாலோ பல் கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். அலுவலகக் கூட்டம் இருக்கிறதென்று இதை மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதற்கு ஊகம் வேண்டாம், தராசு போதும். சென்ற மார்ச் மாதம் 20 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முன் என் எடை 68.4 கிலோ. வந்து துடைத்துவிட்டு ஏறி நின்றபோது 66.6. வழியில் அரை லிட்டர் குடித்திருந்தேன். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் என்று கொண்டால், இரண்டு மணி பத்து நிமிடத்தில் 2.3 லிட்டர் வியர்வை. இதே கணக்கை டிசம்பரிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், வேறு எண் வரும். இழந்த அனைத்தையும் ஓடும்போதே நிரப்ப முயல வேண்டாம். இழந்ததைவிட அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய இருக்கும் அளவுக்குச் சோடியம் இல்லை. நாம் வியர்வையில் இழப்பது பெரும்பாலும் சோடியம்தான் என்பதால், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தே குடிக்கிறேன். வீடு திரும்பியதும் உப்புப் போட்ட மோரும் பழைய சோறும் வேறெதற்கும் குறைந்தவை அல்ல.

தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து, பெரும்பாலோருக்கு முப்பது கிலோமீட்டர் அளவில் தீர்ந்துவிடும். ஓட்டக்காரர்கள் 'சுவரில் மோதுவது' என்று சொல்வது இதைத்தான். அதைத் தள்ளிப்போட, ஒன்றரை மணிக்கு மேற்பட்ட ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நம் நேந்திரம் பழத்தில் 100 கிராம் சதைக்கு ஏறத்தாழ 30 கிராம் இருக்கிறது. அம்மா முந்தைய இரவே ஒன்றைத் தோலோடு ஆவியில் வேகவைத்து, துண்டாக நறுக்கி, வாழையிலைக் கீற்றில் மடித்துத் தருவார். இடுப்புப் பையில் நசுங்காமல் இருக்கும், மென்று விழுங்க எளிது. பந்தயத்தில் கடையில் விற்கும் ஜெல்லைச் சாப்பிடத் திட்டமிட்டால், அதே ஜெல்லை நான்கைந்து நீண்ட ஓட்டங்களிலாவது முன்னதாகச் சாப்பிட்டு வயிற்றைப் பழக்குங்கள்.

நாற்காலி செய்யும் கேட்டைச் சரிசெய்யாமல் தூரத்தைக் கூட்டுவது ஆபத்து. எட்டு மணி நேரம் மடங்கியே இருந்த இடுப்பின் முன்தசை இறுகிவிடுகிறது, பின்தசை உறங்கிவிடுகிறது. அந்த வேலையை முழங்காலும் கெண்டைக்காலும் சுமந்து வலிக்கின்றன. பேச வேண்டியிராத கூட்டங்களை நின்றோ நடந்தோ கேளுங்கள். எழுதிய நிரலைக் கணினி தொகுக்கும் பில்ட் ஓடும் நேரத்தில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், பக்கத்துக்குப் பதினைந்து முறை. வாரத்துக்கு இரு முறை இருபது நிமிடம் குந்துகைப் பயிற்சியும் (ஸ்குவாட்) பலகைப் பயிற்சியும் (பிளாங்க்) செய்யுங்கள். காலணி 500 முதல் 800 கிலோமீட்டரில் உழைத்து ஓய்ந்துவிடும்.

ஓடஓடத் தளரும் வலியைப் பொறுக்கலாம். ஓடஓடக் கூடும் வலி, ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய எலும்பு வலி, இவை வந்தால் அன்றே நிறுத்துங்கள். காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பை எண்ணும் பழக்கம் நல்லது. வழக்கத்தைவிடப் பத்துக் கூடுதலாக இருந்தால் உடல் எதையோ சமாளித்துக்கொண்டிருக்கிறது, ஓய்வெடுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ எப்போதாவது வந்தவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்கவே வேண்டாம்.

மும்பையில் முப்பது கிலோமீட்டரைத் தாண்டியபின் பெடர் ரோடு ஏற்றம் வரும். நம் பக்கம் தட்டையான பூமி என்பதால் களைத்த காலோடு ஏறும் பழக்கம் நமக்கு இல்லை. நீண்ட ஓட்டத்தின் கடைசியில் ஒரு மேம்பாலத்தை நான்கைந்து முறை ஏறி இறங்கிப் பழகலாம். முதல் பத்து கிலோமீட்டரைப் பயிற்சியில் திட்டமிட்டதைவிடச் சற்று மெதுவாகவே ஓடுங்கள். கூட்டம் இழுக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

விடுப்பு விண்ணப்பத்தைச் செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமையோடு திங்கள், செவ்வாய் இரண்டும் வேண்டும். திங்கள் அன்று மாடிப்படியைப் பின்னோக்கித்தான் இறங்க முடியும். புதன் இரவு அழைப்பில் கலந்துகொள்ளலாம். அடுத்த இரண்டு வாரம் நடை மட்டும் போதும், அந்த வாரங்களின் ஆன்-கால் முறையை, முன்பு உங்களுக்காக மாற்றிக்கொண்ட சக ஊழியரிடமிருந்து நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.